குப்பண்ணன் போட்ட கட்டு

முதலமடையில் லாரிக்கு மாங்காய் ஏற்றும் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். குப்பண்ணன் கயிறு போட்ட லோடு டெல்லி போய்ச் சேரும்வரை ஒரு பெட்டிகூட நகராது என்பார்கள். ஐம்பத்தெட்டு வயதில் அவருக்கு இருந்தது நாலு ஏக்கர் மாந்தோப்பு, முழங்கால் வலி, அப்புறம் இந்தப் பெயர். மூன்றில் பெயரைத்தான் அதிகம் பராமரித்தார். வழியில் எந்த வண்டி போனாலும் அதன் மேல் கட்டியிருக்கும் மூட்டையைப் பார்த்து, "இதெல்லாம் ஒரு கட்டா?" என்று முகம் சுளிப்பார்.

அப்பேர்ப்பட்டவரிடம் அவர் மனைவி சரஸ்வதியம்மாள் பதினோரு நாளாகப் பேசவில்லை.

காரணம் ஒரு மாமரம். வீட்டுக்குப் பின்னால் நிற்கும் அந்த நாட்டு மரத்தின் காய் மொத்தமும் சரஸ்வதியம்மாளின் ஊறுகாய்க்கு. அவள் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அதுதான் வழக்கம். அன்றைக்கு லாரியில் இரண்டு பெட்டிக்கு இடம் காலியாக நின்றது. இடம் இருந்தால் லோடு ஆடும், லோடு ஆடினால் பெயர் போகும். குப்பண்ணன் பின்பக்கம் போய் மரத்தை மொட்டையடித்து இரண்டு பெட்டியையும் நிரப்பி அனுப்பிவிட்டார். அவள் கேட்டபோது, "மாங்கா மாங்காதானே புள்ள" என்றார். தப்பு என்ற ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை.

அன்று அவள் மூடிய வாய்தான். வேளைக்குச் சோறு வந்தது. பேச்சு மட்டும் வீட்டு நாய் வழியாக வந்தது. "டேய், சோறு ஆறீட்டிருக்குது. திங்கோணும்ங்கறவங்களைத் திங்கச் சொல்லு" என்பாள் நாயிடம். நாய் திரும்பிக் குப்பண்ணனைப் பார்க்கும். அந்தப் பார்வைதான் அவருக்குத் தாங்கவில்லை. திட்டுவதானால்கூட முகத்தைப் பார்த்துத் திட்டட்டும், எப்படியாவது அவள் பேசினால் போதும் என்றிருந்தது மனுஷனுக்கு.

பதினோராவது நாள் குருவாயூரில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம் முடிந்ததும், வேனில் வந்தவர்கள் எல்லாரும் கடல் பார்க்க வேண்டுமென்றார்கள். வேன் சாவக்காடு கடற்கரையில் இரண்டு மணி நேரம் நின்றது. குப்பண்ணனின் தங்கை மகன் நவீன்குமார் அவர் கையில் இரண்டு டிக்கெட்டைத் திணித்தான்.

"அத்தையக் கூட்டீட்டுப் போயிட்டு வாங்க மாமா. அதுல ஏறுனா ஆரும் வாயத் தொறக்காம இருக்க முடியாது."

அது பனானா போட். காற்றடைத்த நீண்ட மஞ்சள் வாழைப்பழம். ஆட்கள் அதன்மேல் வரிசையாகக் கால் பரப்பி உட்கார, முன்னால் ஒரு மோட்டார் படகு இழுத்துக்கொண்டு ஓடும். காலமெல்லாம் மாங்காய் ஏற்றியவர் கடைசியில் வாழைப்பழத்தில் ஏறுவதா என்று குப்பண்ணன் யோசித்தார். சரஸ்வதியம்மாள் யோசிக்கவில்லை. நாய் அங்கே இல்லாததால் நவீன்குமாரிடம் சொன்னாள்.

"டிக்கெட்டு வாங்கியாச்சு, வீணாப் போகக் கூடாது பாரு. எனக்காக ஆரும் வர வேண்டாம்னு சொல்லீரு."

படகோட்டி ஜோபி இருவருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டான். கடைசி வளைவில் எல்லாரையும் தண்ணீரில் கவிழ்ப்பேன், அதுதான் இந்த விளையாட்டே என்று விளக்கமாகச் சொன்னான். குப்பண்ணன் காதில் அது விழவில்லை. அவர் அந்த நேரம் ஜாக்கெட்டின் பிளாஸ்டிக் கிளிப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். இந்தச் சுண்டைக்காய் கிளிப்பை நம்பியா பெண்டாட்டியைக் கடலில் இறக்குவது? தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

"சேட்டா, கெட்டண்டா. கிளிப் மதி" என்றான் ஜோபி.

கட்ட வேண்டாம், கிளிப் போதும் என்பது புரிந்தது. குப்பண்ணன் பெரிய மனுஷத் தோரணையில் தலையாட்டினார்.

முன்னால் நாலு கல்லூரிப் பெண்கள். அடுத்து சேலையை வரிந்து செருகிய சரஸ்வதியம்மாள். கடைசியில் குப்பண்ணன். ஜோபி படகில் ஏறி முதுகைக் காட்டியதுதான் தாமதம், அவள் ஜாக்கெட்டின் பின்பட்டையையும் தன் முன்பட்டையையும் சேர்த்துத் துண்டால் லாரிக் கட்டு ஒன்று போட்டார். முதுகில் இழுபடுவது அவளுக்குத் தெரிந்தது. ஆனால் வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால் அவரிடம் பேச வேண்டும். எனவே கடலைப் பார்த்து, "ஆரோ என்னமோ பண்றாங்க" என்றாள்.

பத்து நிமிஷம் குப்பண்ணன் அலறினார். அவள் அலறவில்லை. கடைசி வளைவில் பழம் கவிழ்ந்தது.

பெண்கள் சிரித்துக்கொண்டே நீந்தி மறுபடி ஏறிக்கொண்டார்கள். இவர்கள் இருவரும் ஒரே மூட்டையாக மிதந்தார்கள். அவள் ஏறினால் இவர் கீழே இழுத்தார், இவர் காலைத் தூக்கினால் அவள் சரிந்தாள். உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு அவள் ஜோபியைக் கூப்பிட்டாள். "தம்பி, எனக்குப் பின்னால ஒருத்தர் தொங்கறாரு. காலை உதைக்காம இருக்கச் சொல்லு."

கடலுக்கு நடுவிலும் நேராகப் பேசவில்லை பாருங்கள்.

ஜோபி அவர்களை அப்படியே இழுத்துக் கரை சேர்த்தான். அங்கே பார்த்தால் கட்டு கல்லாக இருந்தது. நனைந்தால் இறுகுவதுதான் அந்தக் கட்டின் பெருமை. குப்பண்ணன் நகத்தால் நெம்பினார், பல்லால் கடித்தார். வேன் ஆட்கள் சுற்றி நின்று கைப்பேசியில் படம் பிடித்தார்கள். மீன் விற்கும் அன்னமேரி கத்தியோடு வந்துவிட்டாள்.

"அறுக்க வேண்டாமுங்க" என்றார் குப்பண்ணன். பெயர் போய்விடும் என்ற பயம் கொஞ்சம் உண்டுதான். ஆனால் அறுத்த மறுநிமிஷம் அவள் வேனுக்குப் போய் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள், பன்னிரண்டாவது நாள் ஆரம்பித்துவிடும். அதுதான் அவருக்கு அதிக பயம்.

"நான் கட்டுனது தப்புங்க" என்றார் ஜோபியிடம்.

அவள் முதுகு அசையவில்லை. "தம்பி, எந்தத் தப்புன்னு கேளு. ரெண்டு மூணு இருக்குதல்லோ."

குப்பண்ணன் கண்முன் இருந்த ஈரக் கொண்டையைப் பார்த்துச் சொன்னார். "உன்ற மரத்துல கை வெச்சதும் தப்புதான் புள்ள. மாங்கா மாங்காதான்னு சொன்னது அதைவிடத் தப்பு."

சரஸ்வதியம்மாள் திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் விட்டாள். முடிச்சின் அடியில் கட்டைவிரலைக் கொடுத்து ஒரு தள்ளு, பக்கவாட்டில் ஒரு இழுப்பு. துண்டு மணலில் விழுந்தது.

குப்பண்ணன் வாயைப் பிளந்தார்.

"முப்பது வருசமா நீங்க கட்டறதை எல்லாம் ஊட்டுல ஆருங்க அவுக்கறது?" என்றாள், பதினோரு நாளைக்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்து.

"அப்பத் தண்ணிக்குள்ளயே அவுத்திருக்கலாமல்ல?"

அவள் துண்டை எடுத்துப் பிழிந்து உதறி அவர் தோளில் போட்டாள்.

"அவுத்திருக்கலாமுங்க. உங்களுக்கு நீச்சல் தெரியுமாக்கும்?"