பாஞ்சாலையின் உள்ளங்கால்

நெல்லின் ஈரம் பார்க்க அந்த ரைஸ் மில்லில் கருவி இருக்கிறது. ஆனால் ராஜவேலு மேஸ்திரி அதை மேசையில் தூங்கவிட்டு, பாஞ்சாலையைத்தான் கூப்பிடுவார். அவித்துக் கொட்டிய நெல்லைக் களத்தில் காலால் கிண்டிக்கொண்டே நடப்பாள் பாஞ்சாலை. "இன்னும் ஒரு வெயில் காயணுங்க" என்று சொன்னால் சொன்னதுதான். மில்லில் அவளுக்கிருந்த மரியாதையெல்லாம் அந்த உள்ளங்காலுக்கு வந்த மரியாதை.

சர்க்கரை வந்தது. நாலாம் வருஷம் பாதம் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிய ஆரம்பித்தது. மேஸ்திரி நல்ல மனிதர். மூட்டைக்கு வாய் தைக்கும் வேலையைக் கொடுத்து நிழலில் உட்காரவைத்தார். வேலை சுலபம்தான். அவள் மனசோ களத்திலேயே கிடந்தது. மற்றப் பெண்கள் வரிசையாக நெல்லைக் கிண்டிக்கொண்டு போவதைப் பார்க்கும்போதெல்லாம் அழுகை முட்டும்.

நம் ஊரில் வைத்தியருக்கா பஞ்சம்? ஆவாரம்பூ என்றார் ஒருவர், வெந்தயம் என்றார் இன்னொருவர், சிறுகுறிஞ்சான் என்றார் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர். எல்லாவற்றையும் குடித்துப் பார்த்தாள். நாக்கு கசந்ததுதான் மிச்சம். கடைசியில் படவேடு போய் நாட்டு வைத்தியர் எல்லப்பனிடம் எண்ணெய் வாங்கிவந்தாள். நொச்சி, வாதநாராயணன், முடக்கத்தான் என்று மூன்று இலையையும் சாறு பிழிந்து நல்லெண்ணெயில் காய்ச்சியது. வாங்கும்போதே எல்லப்பன் சொன்னார்: "எரிச்சலுக்குத்தான்மா இது. மாத்திரைய வுட்றாத."

மூன்று மாதம் தடவினாள். எரிச்சல் குறைந்தது, பிறகு ஒருநாள் இல்லவே இல்லை. பாஞ்சாலைக்குத் தலைகால் புரியவில்லை. காலே ஆறிப்போச்சு, சர்க்கரை மட்டும் இருந்துகினு இன்னா பண்ணப்போவுது என்று மாத்திரையையும் நிறுத்திவிட்டாள்.

சித்திரை வெயிலில் களத்தில் இறங்கினாள். மற்றவர்கள் காலில் பழந்துணி சுற்றியிருந்தார்கள். இவளுக்கு எதற்குத் துணி? வெறுங்காலோடு மதியம்வரை நடந்தாள். இரண்டு வருஷ ஏக்கம் தீர நடந்தாள்.

மேஸ்திரி வந்தார். "இன்னாம்மா, காஞ்சிடுச்சா? மூட்டை புடிக்கலாமா?"

பாஞ்சாலை பாதத்தை நெல்லில் அழுத்தினாள். இன்னும் ஆழமாக அழுத்தினாள். நெல் கண்ணுக்குத் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை. எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மானம் போகிறதே என்று, "புடிக்கலாங்க" என்று சொல்லிவிட்டாள்.

பக்கத்தில் நின்ற சசிகலா நாலு நெல்லை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். "அக்கா, இன்னும் ஈரமா கீதே..." என்று தயங்கினாள். அப்புறம்தான் குனிந்து பார்த்தாள். "அய்யய்யோ! இன்னாக்கா இது, கால்ல இம்மாம் பெரிய கொப்புளம்!"

கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. பாஞ்சாலை அதை வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தாள்.

அன்றைக்கே சசிகலா அவளை மதிவதனி டாக்டரிடம் கூட்டிப்போனாள். புண்ணைக் கழுவிக் கட்டிய டாக்டர், மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்தார்.

"கண்ண மூடிக்கோங்கம்மா. கால்ல தொடுவேன். தொட்டதும் சொல்லுங்க."

பாஞ்சாலை கண்ணை மூடினாள். மின்விசிறி சத்தம் கேட்டது. வெளியே யாரோ டோக்கன் எண் கூப்பிட்டார்கள். வெகுநேரம் ஆனதுபோல் இருந்தது.

"இன்னும் தொடலியா டாக்டரம்மா?"

டாக்டர் இழையைக் கீழே வைத்தார். "பத்து இடத்துல தொட்டாச்சும்மா. எரிச்சல் நின்னது குணமாகி இல்ல. நரம்பு மரத்துப்போச்சு. சர்க்கரை பண்ணின வேலை. மாத்திரைய இனிமே விடாதீங்க. வெறுங்காலோட எங்கயும் நடக்காதீங்க."

அழக்கூடாது என்று இருந்தவள் அழுதுவிட்டாள். எரிகிறதே என்று எத்தனை சாமியிடம் முறையிட்டிருப்பாள்!

"மாத்திரை போடுறேங்க, செருப்பு போடுறேங்க, நீங்க இன்னா சொன்னாலும் கேக்குறேங்க" என்றாள் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு. "மறுபடியும் எரியறமாதிரி ஏதாவது மருந்து குடுங்க டாக்டரம்மா."