அமலோற்பவம் தைத்த உறைகள்

“இவ என்ன தாயா, பேயா?” என்று என்னிடம் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனாள் ஞானபாய் அக்கா.

அடுத்த வீட்டு அமலோற்பவம் அக்கா அப்போது ஒன்பது வயது மகன் ஹென்றியின் கைகளுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள். பழைய உப்புச் சாக்கைத் துவைத்துத் துவைத்து மெதுவாக்கி அவளே தைத்தவை. உள்ளே பனை மட்டைச் சில்லுகள் இருக்கும். மாட்டிவிட்டால் முழங்கை மடங்காது. விரல் வாய்க்கு எட்டாது.

அக்காவுக்கு உப்பு சேர்த்துவைக்கும் கிட்டங்கியில் மூட்டை வாய் தைக்கிற வேலை. புருஷன் ரோச் அண்ணன் கொழும்புத் தோணியில் போகிறவர்; கரைக்கு வந்தாலும் வீட்டில் அதிகம் தங்கமாட்டார். தைக்கும்போது அக்கா நூலை ஒருநாளும் பல்லால் கடித்து அறுக்க மாட்டாள். எழுந்து போய்க் கத்தரி எடுத்து வருவாள். ஏன் என்றால், “அவன் பாத்துக்கிட்டு இருக்காம்லா” என்பாள்.

ஹென்றிக்கு நடக்க வராது, கழுத்து நிற்காது, பேச்சு குழறும். கீழுதட்டில் பாதி இல்லை. அவனே கடித்தது. வாய்க்கு மட்டும் குறைவில்லை. பள்ளி இறுதி முடித்துவிட்டுச் சுற்றிக்கொண்டிருக்கும் என்னைப் பார்த்தால், “அண்ணாச்சி, உத்தியோகம் எப்படி நடக்கு?” என்பான். தன் வலது கைக்குக் கள்ளன் என்று பேர் வைத்திருந்தான். “யம்மா, கள்ளன் முழிச்சிட்டான்” என்று கத்தினால் அக்கா சோற்றுக் கையோடு ஓடிவருவாள்.

ஞானபாய் அக்கா சாத்தான்குளத்திலிருந்து எங்கள் தெருவுக்குப் புதிதாக வந்தவள். என்னிடம் அப்படிக் கேட்ட மறுநாள், அமலோற்பவம் தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து உள்ளே போய் உறைகளைக் கழற்றிவிட்டாள். ஹென்றி போட்ட அலறலில் நான் ஓடினேன்.

“மாட்டுங்க! மாட்டுங்க!”

“அம்மைக்குப் பயந்து சொல்லுதான், பாவம். அழாதய்யா, அதான் அவுத்துட்டேன்லா!”

அவள் சொல்லி முடிப்பதற்குள் ஆள்காட்டி விரல் அவன் பற்களுக்கிடையில் இருந்தது. நாங்கள் இருவர் இழுத்தும் வரவில்லை.

அமலோற்பவம் வந்தாள். குடத்தை இறக்கி வைத்தாள். அவன் தாடையை அமுக்கி விரலை விடுவித்து, ரத்தத்தை முந்தானையால் சுற்றினாள். சுவரோரம் நின்று அழுத ஞானபாயிடம், “ஏளா, பிறவு அழு. இப்ப ஒரு பக்கம் பிடி” என்றாள்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் அவனை ஏற்கெனவே பார்த்துவந்த டாக்டர்தான் தையல் போட்டார். நான் கேட்டதற்குப் பொறுமையாகச் சொன்னார். நம் உயிரணுக்களுக்கு நியூக்ளியோடைடு என்ற கூறுகள் வேண்டும். உடம்பே அவற்றைச் செய்கிறது. பழையவை உடையும்போது, உடைந்ததில் உதவக்கூடியதைப் பொறுக்கி மறுபடி சேர்த்துக்கொள்கிறது. அப்படிச் சேர்க்கும் நொதி ஹென்றிக்குப் பிறவியிலேயே இல்லை. அதனால் உடைந்ததெல்லாம் யூரிக் அமிலமாகிறது. உடம்போ புதிதாக அளவு மீறிச் செய்துகொண்டே இருக்கிறது. கைக்குழந்தையாக இருந்தபோதே அவன் துணியில் செம்மண் பொடிபோல ஒட்டியிருந்தது அந்த அமிலத்தின் உப்புத்தான். சிறுநீரகத்தில் கல் சேராமலிருக்க மாத்திரை உண்டு. கடிப்பதற்கு மாத்திரை இல்லை.

“தன்னையே ஏன் சார் கடிக்கான்?” என்றாள் ஞானபாய்.

“எங்களுக்கும் தெரியலம்மா. அவன் வேணும்னு செய்யல. அவன் கைக்கு அவனே பயப்படுதான். கட்டியிருந்தாத்தான் அவனுக்கு நிம்மதி.”

அமலோற்பவத்துக்கு இதெல்லாம் முன்பே கேட்டவை.

திரும்பும் பஸ்ஸில் ஹென்றி ஞானபாயின் மடியில் கிடந்தான். ரத்தம் பட்ட உறைகள் பையில் இருந்தன. அமலோற்பவம் அவ்வளவு நேரமும் பிடித்திருந்த அவன் மணிக்கட்டுகள் இரண்டையும் எடுத்து, ஞானபாயின் கைகளுக்குள் வைத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி இறுக்கினாள். பிறகு ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தாள். வல்லநாடு வருவதற்குள் வாய் திறந்தபடி தூங்கிப்போனாள்.

இதைப் படிக்கிற நீங்கள் உங்கள் தெருவிலும் சொல்லுங்கள்: கை கட்டிய பிள்ளையைக் கண்டால், அவிழ்க்கும் முன் அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று.