தறப்பாளுக்குக் கீழே பழைய போத்தல்கள்

போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி. நானும் மனைவி சாந்தியும் முப்பது பெட்டி வெறும் போத்தல்களைத் தறப்பாளால் மூடிக்கொண்டிருந்தோம். களவு எடுத்தவன்கூட இவ்வளவு பதறியிருக்க மாட்டான்!

என் பிழைப்பு உங்களில் பலருக்குத் தெரியும். லவால் நகரில் ஒரு சின்ன வாடகைக் கட்டடத்தில் இஞ்சிப் பானம் செய்து போத்தலில் அடைக்கிறோம். மொத்தம் மூன்று பேர் — நான், சாந்தி, என் பயம்.

ஒரு பெரிய சுப்பர்மார்க்கெட் எங்கள் பானத்தை விற்கச் சம்மதித்தது. பத்து வருடக் கனவு! ஆனால் ஒரு நிபந்தனை. சஸ்டெயினபிலிட்டி படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும். அவர்களுடைய ஆள் நேரில் வந்து பார்த்துச் சரி சொல்ல வேண்டும். இந்தப் பூமிக்கு நீ எவ்வளவு பாரம் என்று கேட்கிற படிவம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனிடம் கேட்கிற கேள்வியா இது?

முதல் கேள்வி தண்ணீர். ஒரு லீட்டர் பானத்துக்கு எத்தனை லீட்டர் தண்ணீர் செலவாகிறது? ஒரு கிழமை முழுக்கக் காலையும் மாலையும் மீட்டரைப் பார்த்து எழுதினேன். வகுத்தால்... ஒன்பது!

ஏன் ஒன்பது என்று எனக்குத் தெரியும். பழைய போத்தல் கழுவுகிற தண்ணீர்.

எங்களிடம் வாங்குகிறவர்கள் போத்தலை எறிவதில்லை. கோயிலுக்கோ கலியாண வீட்டுக்கோ வரும்போது பையில் போட்டுக் கொண்டுவந்து என் கையில் தந்துவிடுவார்கள். வெறும் போத்தலை எப்படித் தருவது என்று, பியர்பொன்ட்ஸ் பக்கம் தங்கள் வீட்டுப் பின்வளவில் காய்த்த நாலு கத்தரிக்காயும் மேலே இருக்கும். அந்தப் போத்தல்களைச் சுடுதண்ணீரில் கழுவி, புது மூடி போட்டு, திரும்ப நிரப்புகிறோம். புதிதாக வாங்க வசதியில்லாத நாளில் தொடங்கிய பழக்கம்.

எனக்கு அது வெட்கம். பெரிய கடைக்குப் போய்ப் பழைய போத்தல் என்று சொல்வதா? ‘எல்லாம் புதுப் போத்தல்’ என்று எழுதினேன். அடுத்த வரியில் ஒன்பது லீட்டர் என்றும் எழுதினேன். ஒரு பொய்யையாவது ஒழுங்காகச் சொல்லத் தெரிய வேண்டாமா?

அந்தச் செவ்வாய்க்கிழமை படிவத்தைச் சரிபார்க்க வந்தவள் பெயர் அபிராமி. முப்பது வயது இருக்கும். லொங்குய்யிலிருந்து இரண்டு மெட்ரோவும் ஒரு பஸ்ஸும் பிடித்து வந்திருந்தாள்.

“பொன்ஜூர்... வணக்கம் அங்கிள். நானும் தமிழ்தான். பிழையாக் கதைச்சாச் சிரிக்கக் கூடாது!”

ஆறுதல் வந்ததா? இல்லை, பயம் இரட்டிப்பானது. தறப்பாளைக் கண்ட தமிழ் ஆள் அதற்குள் என்ன என்று பார்க்காமல் போவாரா?

படிவத்தைப் புரட்டினாள். “ஒன்பது லீட்டர் எண்டது அளவுக்குக் கூடத்தான். எங்க அங்கிள் போகுது இவ்வளவு தண்ணி?”

“அது... பைப் ஒண்டு ஒழுகுது, பிள்ளை.”

சாந்தி திரும்பினாள். “எந்தப் பைப்?”

“அந்த மூலைப் பைப்.”

“மூலையில ஏதப்பா பைப்?”

அபிராமி பேனாவைக் கீழே வைத்தாள். “ஒழுகுதெண்டால் நான் அப்பிடித்தான் எழுதோணும். திருத்தினாப் பிறகு திரும்பவும் வந்து பாக்கோணும். இந்த முறை ஓடர் கிடைக்காது, அங்கிள்.”

சாந்தி தறப்பாளைப் பிடித்து ஒரே இழுவை!

“இந்தா பாருங்கோ பிள்ளை. சனம் திருப்பித் தாற போத்தல். கழுவித்தான் பாவிக்கிறம். தண்ணி இதுக்குத்தான் போகுது. இந்த மனுசனுக்குச் சொல்ல வெக்கம். கழுவுற எனக்கே வெக்கமில்லை!”

முடிந்தது கதை... சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அபிராமி ஒரு போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். எத்தனை டிகிரியில் கழுவுகிறீர்கள் என்று கேட்டாள். சாந்தி சுவரில் தொங்கிய தாளைக் காட்டினாள். ஒவ்வொரு நாளும் எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் — எல்லாம் அவள் கையெழுத்தில்.

“ஒரு போத்தல் எத்தினை தரம் திரும்பி வரும், ஆன்ரி?”

“உடையாட்டில் பத்துத் தரமாவது வரும்.”

“அங்கிள்! இதை ஏன் எழுதேல்ல? புதுப் போத்தல் செய்யக் கண்ணாடி உருக்கோணும், லொறியில ஏத்தோணும். போத்தலைத் திருப்பி எடுக்க வழி தெரியாமல் எத்தினை கம்பனி நிக்குது தெரியுமே? நீங்கள் மூடி வச்சிருக்கிறியள்!”

புதுப் போத்தல் என்ற வரியை என் கையாலேயே வெட்டவைத்தாள். கடைசியாக அலசும் தண்ணீரைப் பிடித்துவைத்து, அடுத்த தொகுதிப் போத்தல்களை முதலில் அலசப் பாவித்தால் ஒன்பது இறங்கும் என்றும் சொன்னாள்.

படிவத்தில் அவள் போட்ட மதிப்பெண் குறைந்தது எதற்குத் தெரியுமா? வாசலில் நான் பெருமையாக அடுக்கிவைத்த, பளபளவென்று பிளாஸ்டிக் சுற்றிய பரிசுப் பெட்டிகளுக்கு! எதைக் காட்டுவது, எதை ஒளிப்பது என்று தெரியாமல்தான் பாதி வாழ்க்கையைப் பயத்திலேயே ஓட்டிவிட்டேன் போலிருக்கிறது. நீங்கள் எப்படி?

வெள்ளிக்கிழமை ஈமெயில் வந்தது. ஓடர் எங்களுக்குத்தான். இரண்டு தரம் சாந்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி — போத்தலோடு வருகிற கத்தரிக்காயை அந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?