தை ஐந்தில் கிளம்புவதாக இருந்தோம்

தொண்ணூறாம் வருட வாக்கில் எங்கள் வீட்டு மாடி அறைக்கு ஒரு ஜெர்மன்காரம்மா வாடகைக்கு வந்தார். அதிலிருந்து தை பிறந்ததும் வருவார், பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கத் தொடங்கியதும் கிளம்பிவிடுவார். காலையில் ஆசிரமத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்து, என் சமையலறை வாசலில் காபி டம்ளரோடு அவர் ஊர்க்கதை சொல்வார். அவருடைய தமிழையும் என்னுடைய இங்கிலீஷையும் சேர்த்தால் ஒரு ஆள் பேசுகிற அளவுக்குத் தேறும்.

ஒவ்வொரு வருடமும் அவர்கள் ஊர் கிறிஸ்துமஸ் சந்தையிலிருந்து எனக்கு ஏதாவது கொண்டுவருவார். வைக்கோலில் செய்த நட்சத்திரம், தேன்மெழுகில் செய்த மெழுகுவர்த்தி, ஒரு தகர டப்பா நிறைய பிஸ்கட். டப்பாவைத் திறந்தால் பட்டை, கிராம்பு, சுக்கு எல்லாம் கலந்து மணக்கும். முட்டை போட்டிருப்பார்களோ என்ற பயத்தில் மோந்து பார்த்துவிட்டு மூடிவிடுவேன். கோயில் குருக்கள் வீட்டில் வேறு என்ன செய்ய முடியும்? ஆனால் அந்த மணத்தை வைத்தே முழுச் சந்தையையும் மனதுக்குள் கட்டிவிட்டேன். பனி கொட்டுகிறது, மரத்தால் செய்த சின்னச் சின்னக் கடைகளில் விளக்கு எரிகிறது, ஜனங்கள் சூடாக எதையோ கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு தடவையாவது அங்கே போய் நின்றுவிட வேண்டும் என்று எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது.

என் வீட்டுக்காரர் எங்கள் ஊர் மலையடிவாரத்துப் பெரிய கோயிலில் பூஜை செய்கிறவர். கடல் தாண்டிப் போனவர் திரும்பி வந்து சுவாமியைத் தொடுவதில்லை என்பது எங்கள் குடும்பங்களில் பெரியவர்கள் காலத்து வழக்கம். அதனால் நான் பேச்சை எடுத்தால் அவர் சிரித்துக்கொண்டே கிளம்பிப் போய்விடுவார். பத்து வருடம் இப்படி ஓடியது. எங்கள் பையன் படித்து முடித்துவிட்டு வந்து பூஜை முறையில் நிற்கத் தொடங்கினான். அதற்குப் பிறகு ஒரு நாள், சாப்பிட்டுக் கை கழுவும்போது, இனிமேல் அவன் பார்த்துக்கொள்வான், நாம் போகலாம் என்று அவராகவே சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

பிறகு வீடே அமர்க்களப்பட்டது. பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க வந்த போலீஸ்காரர், இந்த வயதில் சந்தை பார்க்கவா ஜெர்மனிக்குப் போகிறீர்கள் என்று இரண்டு தடவை கேட்டார். வேலூருக்குப் போய் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் வாங்கி வந்தோம். குடுமிமேல் அந்தக் குல்லாவை அவர் மாட்டிக்கொண்டபோது, உள்ளே தேங்காய் வைத்தது போல் புடைத்துக்கொண்டு நின்றது. நானும் பையனும் சிரித்துச் சிரித்து ஓய்ந்தோம். அவரும் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

நாள் குறித்தவர் அவர்தான். தை ஐந்து. கிறிஸ்துமஸ் முடிந்திருக்குமே என்ற சந்தேகம் எங்களுக்கு வரவே இல்லை. எங்கள் ஊரில் தீபம் ஏற்றியதோடு திருவிழா முடிந்துவிடுகிறதா என்ன? மலைமேல் பதினோரு நாள் எரியும். ராட்டினமும் வளையல் கடையும் அதற்குப் பிறகும் கிளம்ப மனசில்லாமல் கிடக்கும். தவிரவும் அந்தம்மா தை மாதத்தில்தானே சந்தைச் சாமானோடு வந்து இறங்குகிறார்? அப்படியானால் சந்தை அதுவரை இருக்கும் என்று கணக்குப் போட்டோம்.

ஐப்பசியில் அந்தம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. எங்களுக்குத் தன் ஊரைச் சுற்றிக் காட்டுவதற்காக இந்தத் தையில் அவர் இந்தியா வருவதாக இல்லை. ஆனால் பண்டிகைக்கு முதல் நாளே கடைகளைப் பிரித்துவிடுவார்கள், நீங்கள் வரும்போது அங்கே வெறும் மைதானம்தான் இருக்கும், டிசம்பர் தொடக்கத்திலேயே வந்துவிடுங்கள் என்று எழுதியிருந்தார்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரர்கள் நாம் என்று சொல்லிக்கொண்டே, சென்னை டிராவல்ஸுக்குப் போன் போட்டு டிக்கெட்டை முன்னால் தள்ளச் சொல்ல வேண்டும் என்றேன். அவர் வேஷ்டி மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்தார்.

"தைன்னா, இந்த மார்கழிய முடிச்சுண்டு கெளம்பலாம்னு இருந்தேன்" என்றார். மடித்த வேஷ்டியை அலமாரியில் வைத்துவிட்டு, "கடைசித் தடவை இல்லியா" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மார்கழி முப்பது நாளும் விடியுமுன் குளிர்ந்த தண்ணீரில் குளித்துவிட்டு ஓடுகிற மனிதர். அந்தக் கையால் இனிமேல் சுவாமியைத் தொடக்கூடாது என்பதை எனக்காக ஒப்புக்கொண்டு, தனக்கென்று ஒரே ஒரு மாதத்தை மட்டும் ஒதுக்கி வைத்திருந்தார். அதையும் நான் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டேன். எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாத அவர்மேல் அதைவிட அதிகமாக வந்தது.

மறுநாள் தெருமுனை பூத்திலிருந்து ஜெர்மனிக்குப் போன் பண்ணினேன். அவர் பக்கத்தில் நின்றார். எனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், நாங்கள் வரவில்லை என்றேன். அந்தம்மா ரொம்ப நேரம் வருத்தப்பட்டார். வெளியே வந்ததும், நீயாவது போய்விட்டு வா என்றார் அவர். உங்களை விட்டுவிட்டு அங்கே போய் யாரோடு நின்று வேடிக்கை பார்ப்பது என்று கேட்டேன். என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு நடந்தார்.

ஆசை போய்விட்டது என்று சொன்னால் பொய். டிசம்பர் பிறந்தால் இன்றைக்கும் எனக்கு அந்த ஊர் ஞாபகம் வந்துவிடும். ஆனால் அந்த வருடம் மார்கழி முதல் நாள் நானும் கோயிலுக்குப் போயிருந்தேன். கூட்டத்தில் எக்கி நின்று பார்த்தேன். உள்ளே அவர் இரண்டு கையாலும் சுவாமிக்கு விபூதி சாற்றிக்கொண்டிருந்தார், அவசரமே இல்லாமல். எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் நின்ற அம்மாள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டு, எல்லாம் நடக்கும் என்று என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.