வெள்ளிக்கிழமை ஈரம்

கடலூர் ஓல்ட் டவுனில் எங்கள் வீட்டுச் சுவர் காய்ந்து நான் பார்த்ததே இல்லை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பனாறு. அலமாரியைத் திறந்தால் பட்டுப்புடவையில் பூஞ்சை. டப்பாவைத் திறந்தால் உப்பு கசிந்து கூழாகக் கிடக்கும். தீப்பெட்டியை அடுப்புப் பக்கத்திலேயே வைத்திருப்பேன், அப்படியும் நாலு குச்சி கிழித்தால்தான் ஒன்று பற்றும். இதெல்லாம் போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். என் கணவருக்கு வீசிங் வந்த பிறகுதான் விட முடியவில்லை.

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் அவர் படுத்துத் தூங்க மாட்டார். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார், நெஞ்சுக்குள் விசில் ஊதும். டாக்டர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்: வீட்டைக் காய வையுங்கள், இல்லையென்றால் வீட்டை மாற்றுங்கள். எனக்கு வேலை சிதம்பரத்தில். தினமும் பஸ்ஸில் போய்த் திரும்பி என் இடுப்பு விட்டுப்போயிருந்தது. அங்கேயே வாடகைக்கு ஒரு வீடு பார்த்துவிடலாம் என்றேன். அவர் கேட்கவில்லை. கொத்தனார் பக்கத்திலேயே நின்று அவர் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு.

"பொங்கல் வரைக்கும் பாக்கலாம். அப்பவும் மூச்சு இப்படியே இருந்தா பூட்டிட்டு வந்துடறேன்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தக் கெடுவுக்குள் என் தம்பி புகுந்தான். சிதம்பரத்தில் ஏசி மாட்டுகிற வேலை அவனுக்கு. மூடிப்போன மருந்துக் கிடங்கு ஒன்றிலிருந்து, காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி எடுக்கும் பெரிய மெஷின் ஒன்றைக் கழற்றி வைத்திருந்தான். டிஹியூமிடிஃபையர் என்று சொல்லிக்கொடுத்தான். எங்கள் வாயில் அது நுழையவில்லை, ஈர மெஷின் என்றே ஆகிவிட்டது.

"ஒரு ரூமுக்கு மட்டும் இல்லக்கா, மொத்த வீட்டுக்கும் இது ஒன்னே போதும். மாமா மூச்சுக்கு நான் கேரண்டி."

"நீ மாட்டுன ஃபேனே ஆடிக்கிட்டுக் கெடக்குது, இதுல கேரண்டி வேற" என்றேன்.

நடையில் இருந்த பரணில் மெஷின் ஏறியது. அங்கிருந்து அறைகளுக்கெல்லாம் சுவரில் ஓட்டை போட்டுத் தகரக் குழாய் ஓடியது. ஓட்டை போட்ட இடத்தில் எல்லாம் பூச்சு ஈர மண்ணாகக் கொட்டியது. எனக்குக் கிடைத்த ஒரே ஞாயிற்றுக்கிழமை அதைக் கூட்டி அள்ளியே போனது. உறிஞ்சிய தண்ணீர் ஒரு ரப்பர் குழாய் வழியாகப் பின்பக்கம் வாளிக்கு வந்தது. வாளி நிறைந்ததைப் பார்த்து என் கணவர் அசந்துபோனார்.

"இவ்ளோ தண்ணியவா மச்சான் நான் உள்ள இழுத்துக்கிட்டு இருந்தேன்?"

ஜன்னல்கள் மூடியே இருக்க வேண்டும் என்று தம்பி கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். சாயங்காலம் தெருவே கடல் காற்றுக்குக் கதவைத் திறந்து போட்டு உட்கார்ந்திருக்க, நாங்கள் மட்டும் சாத்திக்கொண்டு கிடந்தோம். கரண்ட் போனால் மெஷினும் நிற்கும், ஃபேனும் நிற்கும், புழுங்கிச் செத்துப்போவோம். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஏனென்றால் அவர் படுத்துத் தூங்க ஆரம்பித்திருந்தார்.

வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் அதெல்லாம். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்ததுமே விசில் தொடங்கிவிடும். சனி, ஞாயிறு ராத்திரியும் நாற்காலிதான். என்ன கிரகமோ, ஒரு வாரமும் தவறவில்லை. தம்பியைப் போனில் பிடித்துக் கத்தினேன். வந்தான், ஃபில்டரைக் கழுவினான், கேஸ் பார்த்தான், தலையைச் சொறிந்தான்.

"மெஷின் நல்லாதான்க்கா ஓடுது. ஜன்னல தொறக்கிறீங்களா?"

"தொறந்தா நான் ஏன்டா இப்படி வெந்து கெடக்கிறேன்?"

மார்கழி பாதி போனது. ஆபீஸ் விட்டதும் சிதம்பரத்தில் சந்து சந்தாக வாடகை வீடு பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். ஒரு வீடு கிட்டத்தட்ட முடிவாகியிருந்தது. அவரிடம் அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, புயல் வருகிறது என்று ஆபீஸை மதியமே விட்டுவிட்டார்கள். செம்மங்குப்பம் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்த அவருக்கு வெள்ளிதான் வார லீவு. வீட்டுக்கு வந்து கதவைத் தள்ளினால், கூடம் முழுக்கத் தண்ணீர். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளி வாளியாக ஊற்றித் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தார். பரண்மேல் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது.

"பைத்தியமா புடிச்சிருக்கு உங்களுக்கு? ஈரத்த எடுக்க அது ஒன்னு, ஈரத்த ஊத்த நீங்க ஒன்னா?"

"மெஷின்தான் காய வெச்சிடுதே, இனிமே தாராளமா கழுவலாம்னு நெனச்சேன்" என்றார். துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார். "முன்னல்லாம் வெள்ளிக்கிழமைன்னா நீ கழுவுவ. பஸ்ல போயி வந்து உன்னால முடியல. வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீட்டக் கழுவாம வெளக்கு ஏத்துறேனேன்னு ஒரு நாள் அழுத. அதான்."

அப்படி அழுதது எனக்கு ஞாபகமே இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் உள்ளே நுழைந்தால் தரை பளிச்சென்று இருக்கும். "தொடச்சேன்" என்பார். அந்த ஒரு நிமிஷம் மனசு லேசாக இருக்கும், அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்க எனக்குத் தெம்பு இருந்ததில்லை. அந்த ஒரு நிமிஷத்துக்காக இந்த மனுஷன் வாராவாரம் மூச்சைக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

கத்தவும் தெம்பில்லை. நனைந்த தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "எனக்குக் கழுவுன வீடு வேணாங்க. நீங்க இருந்தா போதும்" என்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு வார்த்தை நான் அவரிடம் சொன்னதில்லை. அவர் வாளியைக் கொண்டுபோய்ப் பின்பக்கம் கவிழ்த்து வைத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பஸ் தாமதம். நான் வந்தபோது விளக்கு வைக்கிற நேரம் தாண்டிவிட்டது. பொங்கலுக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. சாமி மாடத்தில் அவரே விளக்கு ஏற்றியிருந்தார். செருப்பைக் கழற்றிக் கால் வைத்தேன். தரை காய்ந்து கிடந்தது, காலில் தூசி ஒட்டியது. அவர் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

இந்நேரம் விசில் தொடங்கியிருக்க வேண்டும். பக்கத்தில் போய்க் காது கொடுத்தேன், கேட்கவில்லை. மெஷின் சத்தத்தில் அமுங்கிப்போகிறதோ என்று நடைக்குப் போய் சுவிட்சை அணைத்தேன். திரும்ப வந்து நின்றேன். அப்போதும் ஒரு சத்தமும் இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று குனிந்து பார்த்தேன்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"ஏன் நிறுத்துன? போடு. வெள்ளிக்கிழமைல இன்னிக்குதான் கண்ணு அசருது" என்றார்.