சரண்யாதேவி கோலில் நின்ற சாயங்காலம்

ஏரலுக்கு அந்தப் பக்கம், தாமிரபரணித் தண்ணீர் பாயும் வயல்காட்டு ஊர் ஒன்றில் பிறந்தவள் சரண்யாதேவி. நெல் அறுத்த வயலில், கட்டைத் தாள் காலைக் குத்தக் குத்தப் பையன்களோடு பந்து உதைத்து வளர்ந்தவள். தூத்துக்குடியில் கல்லூரிக்கு வந்து விடுதியில் சேர்ந்தபோது அவள் அப்பா சங்கரலிங்கம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "டிகிரி முடியிறது வரைக்கும் ஆடிக்க. முடிஞ்சதும் வீட்டுக்கு வந்திரணும். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசப்பிடாது."

மூன்றாவது வருஷமும் வந்துவிட்டது. அவளுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு வழி. பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகிவிட்டால் தென்மண்டலப் போட்டிக்குப் போகலாம்; அதில் ஆடியவள் என்று சொன்னால் அப்புறம் உடற்கல்விப் படிப்புக்கு இடம் கேட்கலாம். அப்பாவும் அப்போது கொஞ்சம் யோசிப்பார். பல்கலைக்கழக அணியை எடுப்பது கல்லூரிகளுக்கு இடையிலான பெண்கள் கால்பந்துப் போட்டியில்தான். அந்த வருஷம் போட்டி நடந்தது அவர்கள் கல்லூரி மைதானத்திலேயே.

காலையில் அரையிறுதி. சரண்யா ரெண்டு கோல் போட்டாள். முழுத் தொடரிலும் அவளை விட அதிகம் போட்டவர்கள் யாரும் இல்லை. தேர்வுக் குழு சாயங்காலம் இறுதி ஆட்டம் பார்க்க வருகிறது என்று பேச்சு. மதியம் எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், எந்த மூலையில் அடித்தால் அவர்கள் கண்ணில் படும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் ஜெப்ஸியின் கையைப் பார்த்தாள்.

ஜெப்ஸி அணியின் கோல்கீப்பர். இரண்டாம் வருஷம். திரேஸ்புரத்தில் வீடு, அவள் அப்பா கடலில் சங்கு குளிப்பவர். அரையிறுதி முடியப் போகிற நேரத்தில் எதிராளியின் காலடியில் பாய்ந்து பந்தைப் பிடித்தபோது பூட்ஸ் கை மேல் ஏறிவிட்டது. இடது மோதிர விரல் கன்றி, கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. முதலுதவிக்கு வந்திருந்த நர்ஸ் பார்த்துவிட்டு, "இது முறிவுதான், ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுங்க" என்றார்.

உடற்கல்வி இயக்குநர் ஈவாஞ்சலின் மேடம் எல்லாரையும் வேப்பமரத்தடிக்கு அழைத்தார். அணியில் மொத்தம் பன்னிரண்டு பேர்தான். மாற்று கீப்பர் கிடையாது.

"யாரு கோல்ல நிப்பீங்க?"

மேடத்தின் பார்வை ஒவ்வொருத்தியாகக் கடந்து சரண்யாவிடம் வந்து நின்றது. அவள்தான் அணியிலேயே உயரம். பள்ளிக்கூடத்தில் த்ரோபால் ஆடியவள், பந்து பிடிக்கத் தெரிந்தவள். அது எல்லாருக்கும் தெரியும். சரண்யா குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள். கோலில் நின்றால் இந்த மூன்று வருஷமும் போச்சு. காலையில் போட்ட கோல்களைத் தேர்வுக் குழு பார்க்கவில்லை. சாயங்காலம் பார்க்காவிட்டால் இனி எப்போதும் பார்க்கப் போவதில்லை.

"நானே நிக்கேன் மேடம்" என்றாள் ஜெப்ஸி. "பக்கத்து விரலோட சேத்துக் கட்டிட்டா ஒண்ணுஞ் செய்யாது."

"விளையாடுதியா? முறிஞ்ச கையோடயா?"

"வலி கொறைஞ்சிட்டு மேடம். நெசமாத்தான்."

மேடம் வெகுநேரம் தயங்கினார். கடைசியில், "பாதி ஆட்டம் வரைக்கும் பாப்போம்" என்றார். சரண்யாவுக்கு மூச்சு திரும்பி வந்தது. ஜெப்ஸி பொய் சொல்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுந்து போனாள்.

இறுதி ஆட்டத்தில் எதிரணி நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரி. பாதிப் பேர் கடற்கரை ஊர்ப் பெண்கள், நடக்கப் பழகின நாளிலிருந்து மணலில் பந்தோடு கிடந்தவர்கள். கடல்காற்று அவர்கள் பக்கமிருந்து வீசியது. ஆரம்பத்திலிருந்தே பந்து சரண்யாவின் தலைக்கு மேலேயே போய்க்கொண்டிருந்தது. அவள் நடுக்கோட்டில் நின்று பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஜெப்ஸி ஒவ்வொரு பந்தையும் வலது கையால் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். இடது கையை வயிற்றோடு ஒட்டி வைத்திருந்தாள்.

பிறகு ஒரு பந்து உயரமாக வந்தது. இரண்டு கையும் தூக்கினால் பிடித்துவிடக்கூடிய பந்து. ஜெப்ஸி தூக்கத்தான் செய்தாள். பந்து பட்டதும் இடது கை தானாக விலகிக்கொண்டது. அவள் போட்ட சத்தம் மைதானத்தின் மறுகோடி வரை கேட்டது. கோல்.

சீக்கிரம் ஒரு கோல் அடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சரண்யா வெறி பிடித்தவள் மாதிரி ஓடினாள். ஒரு பந்து கிடைத்தது. வலது பக்கம் கூட ஆடும் அற்புதமணி தனியாக நின்று கையைத் தூக்கிக் கூப்பிட்டாள். சரண்யா கொடுக்கவில்லை. ஷாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்திருந்த தேர்வுக் குழுவின் வெள்ளைத் தொப்பிக்காரர்கள் மனதில் நிற்க, தானே ஓங்கி உதைத்தாள். பந்து கம்பத்துக்கு மேலே பறந்து சாலைக்குப் போயிற்று.

இடைவேளையில் ஜெப்ஸியால் கையுறையைக் கழற்ற முடியவில்லை. உள்ளே விரல் அவ்வளவு வீங்கிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள். சரண்யா அவள் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

"குடுளா இங்க. நான் நிக்கேன்."

"நீங்க ஃபார்வர்டுலாக்கா. சார்மாரு பாக்காங்க."

"பாத்தா பாத்துட்டுப் போறாங்க. கையக் காட்டு."

கத்தரிக்கோலால் கையுறையின் ஓரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அதையே சரண்யா மாட்டிக்கொண்டாள். கீப்பர் சட்டையைத் தலை வழியே இழுத்தபோது ஜெப்ஸியின் வேர்வை அவள் முகத்தில் ஒட்டியது. பன்னிரண்டாவது ஆளாக உட்கார்ந்திருந்த முதல் வருஷப் பெண்ணை மேடம் உள்ளே இறக்கினார். நடுவரிடம் சொல்லிவிட்டு, சரண்யா கம்பங்களுக்கு நடுவில் போய் நின்றாள். அங்கிருந்து பார்க்க எதிர்க் கோல் எங்கோ உப்பளத்துக்கு அப்பால் இருக்கிற மாதிரி இருந்தது.

இரண்டாம் பாதி முழுக்க அடி வாங்கினாள். ஒரு பந்து நெஞ்சில், ஒன்று தாடையில். ஒன்றைக் காலை நீட்டித் தடுத்தாள். எப்படித் தடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. கத்திக் கத்தித் தொண்டை அடைத்துவிட்டது. ஆனால் முன்னால் கோல் அடிக்க ஆள் இல்லை. இப்போது காற்று சரண்யாவின் அணிக்குச் சாதகம். அவள் தூக்கி உதைத்த பந்தெல்லாம் தூரமாகத்தான் போயிற்று. போய் என்ன, அங்கே நின்று அதை வாங்கி உதைக்க வேண்டியவள் இங்கே நின்றுகொண்டிருந்தாள்.

ஆட்டம் முடியப் போகிற சமயத்தில் ஒரு கார்னர் கிடைத்தது. சரண்யா கோலை விட்டு ஓட ஆரம்பித்தாள்.

"போகாத! ஏ சரண்யா, போகாத!" என்று மேடம் கோட்டோரமாகக் கூடவே ஓடி வந்து கத்தினார். அவள் நிற்கவில்லை. அற்புதமணி தூக்கிப் போட்ட பந்து அவளைத் தேடித்தான் வந்தது. எம்பித் தலையால் முட்டினாள். பந்து கம்பத்தில் 'ணங்' என்று மோதித் திரும்பியது. எதிரணிப் பெண் ஒருத்தி அதை அப்படியே நீளமாக உதைத்துவிட்டாள், காலியாகக் கிடந்த கோலை நோக்கி.

காற்று எதிர்த்ததில் பந்து வேகம் குறைந்து உருண்டது. சரண்யா துரத்தினாள். வயலில் மாட்டைத் துரத்தக்கூட அவள் அப்படி ஓடியதில்லை. கோட்டருகே எட்டிப் பிடித்துச் சறுக்கினாள். காலில் பட்டது. பட்ட பந்து வெளியே போகாமல் உள்ளே போயிற்று. வலைக்குள் கிடந்த அவள் மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொள்ளாத குறை. சுவர் மேல் உட்கார்ந்து பார்த்தவர்கள் சிரிக்கிற சத்தம் காதில் விழுந்தது.

பரிசளிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அவள் தேர்வுக் குழுவிடம் போனாள். முழங்கால் சிராய்ப்பில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

"சார், நான் ஃபார்வர்டு. காலையில ரெண்டு கோல் போட்டேன் சார்."

தொப்பிக்காரர் நிமிர்ந்தார். "காலையில நாங்க வரலியேம்மா. ஃபார்வர்டு எல்லாம் எடுத்தாச்சு."

"சார், எனக்கு இதுதான் கடைசி வருஷம். ஏதாவது பாத்துச் செய்யுங்க சார்." குரல் வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது.

அவர் பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து ஏதோ பேசினார். "கோல்ல நல்லாத்தான் நின்ன. மூணாவது கீப்பரா, ஸ்டாண்ட்பைல போடட்டுமா?"

"போடுங்க சார்" என்றாள். யோசிக்கவே இல்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினால், பின்னால் ஜெப்ஸி நின்றுகொண்டிருந்தாள். ஐஸ் குச்சி வைத்துக் கட்டின கையோடு.

அது யாருக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடம் என்று அப்போதுதான் சரண்யாவுக்கு உறைத்தது. "ஏளா ஜெப்ஸி..." என்றாள். ஜெப்ஸி திரும்பிக்கொண்டாள். மேடத்தின் ஸ்கூட்டரில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள்.

விடுதிக்குத் திரும்பி அப்பாவிடம் போனில் சொன்னாள். சங்கரலிங்கம் சந்தோஷப்பட்டார். "கோல் போடுற ஆளாத்தான எடுத்திருக்காங்க?" என்று கேட்டார். "ஆமாப்பா" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாள்.

பயிற்சி முகாமுக்குப் போன முதல் வாரத்திலேயே அந்தத் தொப்பிக்காரரிடம் சரண்யா பேசிப் பார்த்தாள். "என்னை விட அந்தப் பிள்ளைதான் சார் கீப்பர். விரல் சரியானதும் அவளைக் கூப்பிடுங்க." பெயரெல்லாம் அனுப்பியாயிற்று, இனி மாற்ற முடியாது என்றார் அவர். தென்மண்டலப் போட்டியில் அவள் ஒரு நிமிஷம்கூட இறங்கவில்லை. எல்லா ஆட்டத்தையும் பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டில்களை எடுத்துக் கொடுத்துப் பார்த்தாள். ஜெப்ஸிக்கு எத்தனை தடவை போன் செய்தும் எடுக்கவில்லை. கல்லூரிக்குத் திரும்பிய பிறகும், மைதானத்தில் எதிரே வந்தால் ஜெப்ஸி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தாள். அப்படியே சரண்யாவின் படிப்பு முடிந்துவிட்டது.

உடற்கல்விப் படிப்புக்கு இடம் கிடைத்தது. சங்கரலிங்கம் அரைமனதாகச் சரி என்றார். இப்போது அவள் அதே முகாம் நடக்கும் ஊரில்தான் படிக்கிறாள். பல்கலைக்கழக அணியில் ஃபார்வர்டாக ஆடக் கேட்டாள். உன் பெயருக்கு நேரே கீப்பர் என்றுதான் இருக்கிறது என்று சொல்லிக் கோலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த வருஷ அணித் தேர்வில் ஜெப்ஸி முதல் கீப்பராக வந்தாள். வளைந்து கூடின விரலோடுதான். பட்டியல் ஒட்டின அன்று சாயங்காலம் சரண்யாவின் போன் அடித்தது.

"யக்கா, நான் ஜெப்ஸி பேசுதேன்."

சரண்யா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"முகாமுக்கு வாரேன். அங்கன மெஸ்ல சோறு எப்படிக்கா? மீனு போடுவாங்களா?"

"புதன்கிழமை மட்டும் போடுவாங்க" என்றாள் சரண்யா. "நல்லாவே இருக்காது."

"அப்படின்னா நான் வரும்போது கருவாடு கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டு ஜெப்ஸி போனை வைத்தாள்.