ஏசி அறை மாப்பிள்ளை

பத்தாவது முறையாக நான்காம் மாடிக் கைப்பிடியைத் தொட்டுவிட்டு அவர் இறங்கி வருகிறார். எதிரே துணிக்கட்டோடு ஏறும் பெண்கள் சுவரோரம் ஒதுங்குகிறார்கள். "ஊற்று வருதுடி, நனைஞ்சிடாத" என்கிறாள் ஒருத்தி. அவர் நின்று முழங்கையை உதறுகிறார். "இந்தா, ஓசித் தண்ணி. நல்லாக் குளி!" சிரிப்பு மாடிவரை ஏறிப் போகிறது. அவர் கடைசிப் படியில் உட்கார்ந்து, முதுகுப் பக்கம் சட்டையை இரு விரலால் இழுத்துவிட்டு, நோட்டில் எழுதுகிறார்: "கழுத்துல கடிக்கலை. அக்குள் கொஞ்சம் அழுவுது. முதுகு ஆறு நிமிசத்துல காஞ்சது. பாஸ்."

வியர்ப்பதுதான் அவருடைய உத்தியோகம். அந்த ஆண்கள் சட்டைக் கம்பெனியில் புதுத் துணி எது வந்தாலும் முதலில் அவர் மேல்தான் ஏறும். பத்து முறை மாடி ஏறி இறங்குவார். கூட்டமான பஸ்ஸில் தொங்குவார். பிறகு சட்டையை வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவியிடம் முப்பது தடவை துவைத்து வாங்கி, மறுபடி போட்டுக்கொண்டு படி ஏறுவார். கடைசியில் 'பாஸ்' என்று அவர் எழுதினால்தான் கத்தரி துணியைத் தொடும்.

பிறவியிலேயே அப்படி ஓர் உடம்பு. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார ஆள் கிடையாது. கல்யாணத்தன்று மூன்று சட்டை மாற்றினார்; மூன்றும் போட்டோவில் நனைந்தே இருக்கின்றன. அன்றைக்கு மனைவியின் தம்பி, துணித் தொழில் படித்துக்கொண்டிருந்தவன், அவர் காதோரம் வந்து, "மாமா, உங்களுக்கு ஒரு சட்டை தைச்சு ஜெயிச்சிட்டா ஊருக்கே தைக்கலாம்" என்றான். கேட்டவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மறுநாளே தன் அளவுச் சட்டையைக் கொண்டுபோய் அவனிடம் கொடுத்தார்.

வீட்டுப் பின்னறையில் இரண்டு தையல் மெஷினோடு ஆரம்பித்தது. பார்க்க ஆபீஸ் சட்டை, இழுத்தால் பனியன், மழையில் நனைந்தால் பஸ் வருவதற்குள் காய்ந்துவிடும். முதலில் மோட்டார் சைக்கிளில் அலைகிற மருந்துக் கம்பெனி விற்பனையாளர்கள் வாங்கினார்கள். பிறகு சைக்கிள் ஓட்டுகிறவர்கள், பிறகு கழுத்துப்பட்டை கட்டுகிறவர்கள். இன்று நான்கு மாடிக் கட்டடம், ஊர் ஊராகக் கடை, விமான நிலையத்தில்கூடக் கண்ணாடி போட்டு ஒன்று. மைத்துனன் முதலாளியாகிவிட்டான். அவன் மனைவி விற்பனைப் பிரிவைப் பார்க்கிறாள். அவர் மட்டும் அதே படிக்கட்டில் இருக்கிறார்.

அதில் வருத்தம் இல்லை என்றுதான் சொல்லிக்கொள்வார். ஆனால் பஸ்ஸில் யாராவது அந்தச் சட்டையோடு ஏறினால் போதும், கண் குத்திட்டு நின்றுவிடும். "நூத்திப்பதினாலாம் நம்பர் துணி. என் முதுகுல பொறந்தது. போட்டிருக்கிற மூஞ்சியப் பாரு, ஒரு சொட்டு வேர்க்கலை" என்று மனைவியிடம் முணுமுணுப்பார். விளம்பரப் படம் எடுத்த அன்று அவருக்கு வயிறு எரிந்தே போயிற்று. எலும்பும் அழகுமாக ஒருவன் வந்தான். ஓடிக் களைத்தவன் போலத் தெரிய, நெற்றியில் குப்பியால் தண்ணீர் தெளித்தார்கள். பக்கத்தில் நிஜமாகவே சொட்டச் சொட்ட நின்றிருந்தவரைப் பார்த்து, "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஃப்ரேம்ல வர்றீங்க" என்றார்கள்.

அதையும் விழுங்கிக்கொண்டார். பொம்மையைத்தான் விழுங்க முடியவில்லை.

மரப்பெட்டியில், வைக்கோலுக்குப் பதில் நுரைப்பஞ்சு சுற்றி, கப்பலில் வந்து இறங்கியது அது. ஆறடி உயரம், கண்ணும் வாயும் இல்லாத முகம், உடம்பெங்கும் ஊசித் துளைகள். குழாய் வழியாகச் சுத்தமான தண்ணீர் குடிக்கும். சொன்ன நேரத்தில், சொன்ன அளவு, சொன்ன இடத்தில் வியர்க்கும். தையல் பிரிவுப் பெண்கள் பார்த்த நிமிடமே 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்த வீட்டு மாப்பிள்ளை என்று இருபது வருடமாக இருந்தவர் அவர்தான். "மாப்பிள்ளை எந்திரிச்சாச்சா?" என்று மைத்துனன் கேட்டபடி தன்னைத் தாண்டிப் போனபோது அவருக்குப் பகீர் என்றது.

"அதுக்கு ஏசி ரூம், எனக்கு மாடிப்படி. நியாயமாம்மா இது?" என்று பரிசோதனைக்கூடத்துப் பெண்ணிடம் கேட்டார்.

"அது மெஷின் சார்."

"அப்ப நான் என்ன, மோட்டார் பம்பா?"

அடுத்த மாதம் வந்தது ஒரு புதுத் துணி. வெளிநாட்டுக் கடைக்காரர்கள் கேட்டிருந்த பெரிய சரக்கு. பொம்மை போட்டுப் பார்த்தது. துணி எல்லாக் கட்டத்திலும் தேறியது. முப்பது துவைப்பு முடிந்து அவர் போட்டுப் பார்த்தார். பாதி மாடியிலேயே முதுகில் பசை தடவியது போல ஒட்டிக்கொண்டது. காகிதம் கிழிகிற அளவுக்குப் பேனாவை அழுத்தி எழுதினார்: "ஒட்டுது. ஃபெயில்." இன்னும் இரண்டு சட்டை கொடுத்தார்கள். இரண்டும் ஃபெயில். மைத்துனன் வெட்டும் மேஜையையே நிறுத்தினான். "மாமா சொன்னா சொன்னதுதான்" என்றான் எல்லோர் முன்னாலும். அந்த வாரம் அவர் நடையே மாறியிருந்தது. ஏசி அறையைக் கடக்கும்போதெல்லாம் கண்ணாடி வழியாகப் பொம்மையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "தண்ணி குடிச்சா மட்டும் போதாது தம்பி. உப்பு வேணும், உப்பு!"

ஆனால் பரிசோதனைக்கூடத்துப் பெண் விடவில்லை. அவர் சட்டை ஒன்றின் ஓரத்தை நறுக்கி, மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். உறிஞ்ச வேண்டிய துணியில் அது முத்துப் போல உட்கார்ந்திருந்தது. "துணி மேல மெழுகு மாதிரி ஏதோ பூசியிருக்கு சார். வீட்ல துவைக்கிறப்ப வாசனைத் தண்ணி ஏதாவது ஊத்துறாங்களா?"

"அதெல்லாம் கிடையாது" என்றார். சொல்லும்போதே தன் தோளிலிருந்து எழுந்த மல்லிகை மணம் அவர் மூக்கில் ஏறியது.

வீட்டுக்குப் போனதும் துவைக்கும் இடத்தில் தேடினார். சோப்புத்தூள் டப்பாவுக்குப் பின்னால் நீல நிறத்தில் ஒரு புட்டி.

"இது எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா. கடைசி அலசுல ரெண்டு மூடி. துணி பூ மாதிரி ஆயிடுதுங்க."

"உன்ன யாரு ஊத்தச் சொன்னா?"

மனைவி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். துடைத்து முடிந்த பின்னும் துடைத்தாள். "அன்னிக்குத் தம்பி வீட்டுக்குப் போனோம்ல. நீங்க எந்திரிச்சு வெளிய போனதும் அவன் பொண்டாட்டி போய் ஜன்னலைத் திறந்துவிட்டா. ஒண்ணும் பேசலை. திறந்துவிட்டா, அவ்வளவுதான். அவ நடந்து போனாலே வீடே மணக்குது. எம் புருசன் மட்டும் என்னவாம்? அவங்க கம்பெனிக்குள்ள நீங்க நுழைஞ்சா மணக்கணும்னு ஊத்தினேன்."

அவர் புட்டியை இருந்த இடத்திலேயே வைத்தார். பொறாமை தன் உடம்பில் மட்டும்தான் ஊறுகிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தார்.

மறுநாள் காலை முதலாளி அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மைத்துனன், அவன் மனைவி, பரிசோதனைக்கூடத்துப் பெண். நறுக்கிய துணி மேஜைமேல் கிடந்தது. வெளியே வெட்டும் மேஜை ஒரு வாரமாகச் சும்மா கிடந்தது. உண்மையைச் சொன்னால் தவறு மனைவியுடையதாகிவிடும். அவர் நோட்டுக்கு மறுபடி மரியாதை வந்துவிடும். அவருக்கும் அது தெரிந்தே இருந்தது.

"மாமா, மறைக்காம சொல்லுங்க. அக்கா துவைக்கிறப்ப எதையாவது ஊத்துதா?"

மைத்துனன் மனைவியின் உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு புறப்பட்டதை அவர் பார்த்தார்.

"உங்க அக்காவுக்கு என்ன தெரியும் பாவம்? நான்தான் ஊத்தினேன்" என்றார். "வயசு ஆகுதுல்ல. கொஞ்சம் வாசனையா இருக்கலாம்னு ஒரு ஆசை."

"நூறு துணிக்கு மேல சோதிச்ச உங்களுக்கே தெரியாதா மாமா, துணியில ஊத்தக்கூடாதுன்னு?" மைத்துனனின் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. மைத்துனன் மனைவி அடக்கமாட்டாமல் சிரித்தேவிட்டாள். "அண்ணா, உங்களுக்கு இந்த வயசுல யாரு மேல ஆசை?" அவரும் சேர்ந்து சிரித்தார். நெற்றியிலிருந்து வழிந்தது கண்ணுக்குள் போய் எரிந்தது.

பத்தே நிமிடத்தில் முடிவாயிற்று. இனி வீட்டுத் துவைப்பு கிடையாது, நோட்டும் கிடையாது. "படி ஏறுனது போதும் மாமா, முட்டி தேயுது" என்றான் மைத்துனன், நிஜமான அன்போடு. "நீங்க ஏசி ரூமுக்கே வந்துடுங்க. மாப்பிள்ளைக்குச் சட்டை மாத்திவிட ஒரு நம்பிக்கையான ஆள் வேணும்."

வெட்டும் மேஜையில் மறுபடி கத்தரிச் சத்தம் கேட்கத் தொடங்கியது. பரிசோதனைக்கூடத்துப் பெண் புதுச் சட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பினாள். அவர் பொம்மையின் கையை மெதுவாக வளைத்து, ஒரு பக்கம் நுழைத்து, மறுபக்கம் நுழைத்தார். தோளில் சுருக்கம் விழாமல் நீவினார். கீழிருந்து ஒவ்வொரு பித்தானாகப் போட்டுக்கொண்டு வந்தார். கழுத்துக்கு வந்ததும் ஒரு கணம் நின்றார். அந்தப் பெண் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, காலர் பித்தானையும் மூச்சு முட்டுகிற மாதிரி இறுக்கிப் பூட்டினார்.